கடைக்கு பில் மென்பொருள்: எந்த மொழி, எந்த டூல்கிட்?

உங்கள் மாமாவின் நாட்டு மருந்துக் கடைக்கும் அவருக்குத் தெரிந்த வேறு சில கடைகளுக்கும் பில், ஸ்டாக் பார்க்கிற மென்பொருள் ஒன்றை எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். மாமா கடையில் இருப்பது பழைய விண்டோஸ் 7 கணினி. மற்ற கடைகளில் விண்டோஸ் 10, ஒருவரிடம் மட்டும் மேக், உங்கள் கையில் உபுண்டு லேப்டாப். சரக்கின் பெயர் தமிழில் வேண்டும், பில்லும் தமிழில் அச்சாக வேண்டும். உங்களுக்குப் பைத்தான் நன்றாகத் தெரியும், கல்லூரியில் ஜாவா படித்திருக்கிறீர்கள். இதற்காக சி பிளஸ் பிளஸ் அல்லது ரஸ்ட் கற்க வேண்டுமா, இல்லை இணையப் பக்க முறையில் மென்பொருள் கட்டும் எலக்ட்ரானிலேயே போய்விடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இருக்கிற உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன். தனி ஆளாக எழுதி, நாலைந்து கடைகளில் நிறுவி, அடுத்த பல ஆண்டுகள் அதை ஓடவைக்கப் போவது நீங்கள்தான். கடையில் கூட்டம் நிற்கும்போது போன் வந்தால் உங்களால் சமாளிக்க முடிகிற தேர்வு எது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

சுருக்கமான பதில் இது. மொழியை மாற்ற வேண்டாம், பைத்தானிலேயே இருங்கள். டூல்கிட்டாக, அதாவது ஜன்னல், பெட்டி, பொத்தான்களைத் திரையில் வரைந்து தரும் நூலகமாக, க்யூடியை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானிலிருந்து அதைப் பயன்படுத்த பைசைட்6. தரவுக்கு, ஒரே ஃபைலில் இயங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம். அந்த விண்டோஸ் 7 கணினி மட்டும் இந்தத் திட்டத்தில் இடிக்கிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன். சிறு கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இத்தகைய மென்பொருளைப் பல ஆண்டுகளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். கீழே சொல்வது பெரும்பாலும் அந்த வேலையில் கண்டது.

மொழியைப் பற்றிய விவாதம் இணையத்தில் அதிகம், ஆனால் உங்கள் வேலையில் அதன் பங்கு குறைவு. ஒரு பில்லில் இருபது வரி. ஒரு கடையில் சில ஆயிரம் சரக்கு. இதற்குப் பைத்தானின் வேகம் போதாமல் போவதற்கு வழியே இல்லை. திரை மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் தரவுத்தளத்தில் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இல்லாததோ, ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் முழுப் பட்டியலையும் மறுபடி வரைவதோதான். க்யூடியின் உள்ளே வரைகிற வேலையெல்லாம் சி பிளஸ் பிளஸில் நடக்கிறது, பைத்தான் அதற்குக் கட்டளை மட்டுமே கொடுக்கிறது. ஆக, உங்களைப் பிற்பாடு கட்டிப்போடுவது டூல்கிட்தான். மூன்று இயங்குதளங்களிலும் எழுத்து எப்படித் தெரியும், அச்சு எப்படி வரும், எந்தப் பழைய கணினி கைவிடப்படும், இன்ஸ்டாலர் எப்படிப் போகும் எல்லாம் அதோடு தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் தமிழ் எழுத்து. யுனிகோடில் 'தெ' என்பது த, அதன் பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். 'கு', 'டு', 'மு' ஒவ்வொன்றும் தனி வடிவம் கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்வது எழுத்துருவும் அதைப் படித்து எழுத்துகளை அடுக்குகிற ஷேப்பிங் எஞ்சினும் சேர்ந்து. விண்டோஸில் இதற்கு நெடுங்காலமாக யூனிஸ்க்ரைப் இருக்கிறது, மேக்கில் கோர்டெக்ஸ்ட், திறமூல உலகில் ஹார்ஃப்பஸ். டூல்கிட்களான க்யூடி, ஜிடிகே, ஃப்ளட்டர், அவலோனியா, குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியம் எல்லாம் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகின்றன. ஜாவாவும் அதன் ஜேடிகே 9 பதிப்பிலிருந்து அதற்கு மாறிவிட்டது. இவற்றில் தமிழ் ஒழுங்காக வரும்.

வராத இடங்களைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம், ஏனென்றால் பைத்தான் கற்கும் எல்லாரும் முதலில் தொடுவது டிகின்டர் என்ற டூல்கிட். அதன் அடியில் இருக்கும் டிகே 1991-இல் ஜான் அவுஸ்டர்ஹவுட் உருவாக்கியது. விண்டோஸில் டிகே இயங்குதளத்தின் வசதியையே எடுத்துக்கொள்வதால் தமிழ் நன்றாகவே தெரியும். அதே நிரலை உங்கள் உபுண்டுவில் ஓட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'வெட்டிவேர்' படிக்க முடியாது. லினக்ஸில் டிகே 8.6 பயன்படுத்தும் வழியில் ஷேப்பிங்கே கிடையாது என்பதுதான் காரணம். எந்த எழுத்துருவைப் போட்டாலும் சரியாகாது. எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் எழுத்துரு மாற்றிப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிவி என்ற பைத்தான் டூல்கிட்டிலும் வழக்கமான எழுத்து வழங்கியில் (எழுத்தை வரைந்து தரும் பகுதி) இதே சிக்கல். பாங்கோ வழங்கியோடு அமைத்தால் வழி உண்டு, ஆனால் அதை மூன்று இயங்குதளத்திலும் நீங்களே கட்டிச் சேர்க்க வேண்டும். டியர் இம்குய் போல ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரையைப் புதிதாக வரையும் கருவிகள் விளையாட்டு, பொறியியல் கருவிகளுக்காக எழுந்தவை. அவற்றிலும் ஷேப்பிங் இல்லை, தமிழ் பில்லுக்கு அவை பக்கம் போகாதீர்கள்.

எழுத்துருவையும் நீங்களே கூட அனுப்புங்கள். விண்டோஸ் 7-இல் லதா இருக்கும், விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யுஐ, லினக்ஸில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கத் தடையில்லை. க்யூடியில் அந்த ஃபைலை உங்கள் நிரலுக்குள் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், கணினியில் நிறுவ வேண்டியதில்லை. அப்போது எல்லாக் கடையிலும் ஒரே அகலத்தில் ஒரே மாதிரி வரும்.

அடுத்து வரிசைப்படுத்துவது. இது எந்த டூல்கிட்டை எடுத்தாலும் உங்களைத் தேடி வரும் வேலை. எஸ்கியூலைட்டிடம் பெயர்வாரியாகக் கொடு என்றால் அது யுனிகோடு எண் வரிசையில் கொடுக்கும். அந்த வரிசையில் ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. ழ, ள இரண்டும் வ-வுக்கு முன்னால். மெய்களில் கடைசியாக வர வேண்டிய ன, ந-வை ஒட்டி நிற்கிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்தைய எண்ணைக் கொண்டதால் 'சுக்கு' என்பது 'சுகந்தி'க்குப் பின்னால் போகும். அகராதி முறைப்படி முன்னால் வர வேண்டும். சரக்குப் பட்டியலில் ஜாதிக்காயைத் தேடும் கடைக்காரருக்கு இது எரிச்சல்தான். ஐசியூ நூலகம் தமிழ் வரிசையைச் சரியாகவே அறியும். ஆனால் அதைப் பைத்தானோடு விண்டோஸில் சேர்ப்பது கொஞ்சம் இழுபறி. க்யூடியின் ஒப்பீட்டு வசதியோ இயங்குதளத்தைப் பொறுத்து வேறு வேறு அடிப்படையில் வேலை செய்கிறது. அதனால் நான் செய்வது எளிய வழி: பெயரைத் தமிழ் வரிசைக்கு ஏற்ற ஒரு சாவியாக மாற்றும் சிறு ஃபங்ஷனை எழுதி, அந்தச் சாவியைத் தனிப் பத்தியில் சேமித்து, அதற்கு இன்டெக்ஸ் போட்டுவிடுவேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், கிரந்தம் சில, அவ்வளவுதான் அட்டவணை.

தேடலில் இன்னொரு சின்ன விஷயம். 'கொ'வை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. கீபோர்டு மென்பொருள் எதைத் தரும் என்பது அதைப் பொறுத்தது. ஆகவே உள்ளே வரும் எல்லாச் சொல்லையும் என்எஃப்சி என்ற சீரான யுனிகோடு வடிவுக்கு மாற்றிவிட்டே சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். பைத்தானில் இதற்கு வசதி கூடவே வருகிறது. பழைய மென்பொருளிலிருந்து சரக்குப் பட்டியலை எடுக்கிறீர்கள் என்றால் அது பாமினி அல்லது வானவில் எழுத்துரு முறையில் இருக்கக்கூடும், அதையும் முதலிலேயே யுனிகோடுக்கு மாற்றி முடித்துவிடுங்கள்.

இனி அச்சு. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, ஆனால் பில் மென்பொருளின் பாதி உயிர் இதில்தான் இருக்கிறது. கடைகளில் இருப்பது 58 அல்லது 80 மில்லிமீட்டர் தாளில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர். அதற்குள் இருக்கும் எழுத்து அட்டவணையில் பொதுவாகத் தமிழ் இருக்காது. ஆங்கிலம் அனுப்புவதுபோல் தமிழை நேரடியாக அனுப்பினால் குப்பையாகத்தான் வரும். அட்டவணையில் தமிழ் இருந்தாலும்கூட, எழுத்துகளை அடுக்குகிற வேலையைப் பிரிண்டர் செய்யாது. எனவே பில் முழுவதையும் உங்கள் நிரலே ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, படமாகவே அனுப்ப வேண்டும். இந்தப் பிரிண்டர்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்ற கணக்கில் அடிப்பவை. 80 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் வழக்கமாக 576 புள்ளி, 58-இல் 384 புள்ளி. க்யூடியில் அந்த அகலத்துக்கு ஒரு படத்தைத் திறந்து, திரையில் வரைகிற அதே வழியில் பில்லை அதில் வரையலாம். ஷேப்பிங் தானாகச் சரியாக வரும். பின் அந்தப் படத்தை பிரிண்டரின் ராஸ்டர் (படத்தைப் புள்ளிகளாக அனுப்பும்) கட்டளையாக மாற்றி அனுப்பலாம், அல்லது டிரைவர் வழியாகவே அச்சிடலாம். பெயர், அளவு, விலை என்று பத்தி பிரிப்பதற்கு இடைவெளிகளை எண்ணிப் போடும் பழைய பழக்கத்தை மறந்துவிடுங்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல. புள்ளிக் கணக்கில் இடம் வைத்து வரையுங்கள், விலையை வலப்பக்கம் ஒட்டுங்கள். ஒரு லட்சம் 1,00,000 என்று வருகிறதா என்றும் பாருங்கள், பல இடங்களில் இயல்பாக மூன்று மூன்று இலக்கமாகவே பிரிப்பார்கள்.

க்யூடியை நான் முன்னே வைப்பதற்கு இந்த ஒரே ஓவியக் கருவி திரைக்கும், தாளுக்கும், பிடிஎஃப்புக்கும், தெர்மல் படத்துக்கும் உதவுவது பெரிய காரணம். தமிழை அடுக்குவதில் பல பைத்தான் பிடிஎஃப் நூலகங்கள் தடுமாறுகின்றன. அவை எழுத்துகளை சேமித்த வரிசையிலேயே எழுதிவிடும்.

பார்கோடு ஸ்கேனர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த ஸ்கேனர்கள் தங்களைக் கீபோர்டு என்றே கணினியிடம் அறிமுகம் செய்துகொள்கின்றன. படித்த எண்ணை அடித்து, கடைசியில் என்டர் தட்டுகின்றன. கணினியில் அப்போது தமிழ்99 கீபோர்டு முறை இயக்கத்தில் இருந்தால், எழுத்துகள் கலந்த பார்கோடு தமிழ் எழுத்தாக வந்து விழும். தமிழில் பெயர் தேடுவதும் ஸ்கேன் செய்வதும் மாறி மாறி நடக்கும் கடையில் இது தினமும் வரும். பல ஸ்கேனர்களைச் சீரியல் போர்ட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிவிட்டால் கீபோர்டு மொழி எதுவாக இருந்தாலும் கவலையில்லை, நிரல் போர்ட்டை நேரடியாகப் படித்துக்கொள்ளும். க்யூடியில் சீரியல் போர்ட் வசதி உண்டு, பைத்தானில் பைசீரியலும் உண்டு.

சரி, விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. அதன் பின் கருவிகள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. பைத்தான் 3.9-இலிருந்து அதில் ஓடாது, 3.8 தான் கடைசி. க்யூடி 6 விண்டோஸ் 10-இலிருந்துதான். எலக்ட்ரானில் 22-ஆம் பதிப்பு கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 23 அதைக் கைவிட்டது. ஆக இவற்றில் எதை எடுத்தாலும், இன்றைய பதிப்பு மாமா கடையில் ஓடாது. மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, அந்தக் கணினிக்காகப் பைத்தான் 3.8, க்யூடி 5.15, பைசைட்2 என்ற பழைய கூட்டணியில் தனி இன்ஸ்டாலர் கட்டுவது. க்யூடிபை என்ற இடைநிலை நூலகத்தை வைத்து எழுதினால் ஒரே நிரல் இரண்டு தலைமுறை க்யூடியிலும் ஓடும். கொஞ்சம் கவனம் வேண்டும், ஆனால் நடக்கும். இரண்டு, அந்தக் கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுவிடுவது. கடையில் வேறு விண்டோஸ் மென்பொருள் எதுவும் தேவைப்படாவிட்டால் மட்டும். மூன்று, கணினியை மாற்றச் சொல்வது. இணையத்தோடு இணைந்த கணினி என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் கடைக் கணக்கை வைப்பது நல்லதல்ல. விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் மற்ற கடைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

விண்டோஸ் 7 கணினிகள் ஒன்றல்ல, பாதிக்கு மேல் அவைதான் என்று நீங்கள் சொல்லியிருந்தால் என் பதிலே மாறியிருக்கும். லாசரஸை எடுக்கச் சொல்லியிருப்பேன். ஃப்ரீ பாஸ்கல் மொழி, டெல்ஃபி போன்ற படிவ வடிவமைப்பு, கூட எந்தத் துணை மென்பொருளும் (ரன்டைம்) வேண்டாத ஒரே எக்ஸி ஃபைல், பழைய விண்டோஸிலும் சிரமமில்லாமல் ஓடும். விண்டோஸில் இயங்குதளத்தின் சொந்தப் பெட்டிகளையே பயன்படுத்துவதால் தமிழ் தெரிவதிலும் தொல்லை இல்லை. பாஸ்கல் பழைய மொழி என்று ஒதுக்குகிறார்கள். படிவமும் தரவுத்தளமும் உள்ள இந்த மாதிரி வேலைக்கு அது இன்றும் மிக நல்ல கருவி என்பது என் கருத்து. உதவி கேட்க ஆள் குறைவு, அது மட்டும் குறை.

எலக்ட்ரானைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். விஎஸ் கோடு, ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் அதில் எழுதியவைதான். 2013-இல் கிட்ஹப்பில் ஆட்டம் எடிட்டருக்காகத் தொடங்கியது, இன்று நன்றாக முதிர்ந்திருக்கிறது. தமிழ் எழுத்து அழகாக வரும், மூன்று இயங்குதளத்திலும் ஒரே மாதிரி வரும். இணையப் பக்கம் வடிவமைக்கத் தெரிந்த ஒருவர் உங்களோடு இருந்தால் அது தவறான தேர்வு அல்ல. உங்களுக்கு நான் அதைச் சொல்லாததற்குக் காரணங்கள் வேறு. ஒவ்வொரு நிரலோடும் ஒரு முழு குரோமியம் போகிறது. 4 ஜிபி மெமரி உள்ள கடைக் கணினியில், பக்கத்தில் பிரவுசரும் திறந்திருக்கும்போது அது தெரியும். குரோமியத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நீங்கள் புதிய பதிப்பு கட்டி ஒவ்வொரு கடைக்கும் கொடுக்க வேண்டும். பில் போடும் ஆள் மவுசைத் தொடமாட்டார். என்டர், டேப், எஃப் விசைகளால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போவார். அந்தப் பழக்கத்தைப் பிரவுசருக்குள் நீங்களே கட்ட வேண்டும். க்யூடியின் அட்டவணையிலும் படிவத்திலும் அதில் பெரும்பகுதி இருக்கிறது. அதோடு உங்கள் பலம் பைத்தானில். அதை விட்டு ஜாவாஸ்கிரிப்டுக்குப் போவதால் கிடைப்பது என்ன?

எலக்ட்ரான் போன்ற இன்னொரு கருவியான டாரி இன்ஸ்டாலரைச் சிறிதாக்குகிறது, ஏனென்றால் அது பிரவுசரைக் கூட எடுத்துச் செல்லாமல் கணினியில் இருப்பதையே பயன்படுத்துகிறது: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகே வெப்வியூ, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. விலை என்னவென்றால், மூன்று எஞ்சினிலும் சோதிக்க வேண்டும், பின்பக்கத்துக்கு ரஸ்ட் தெரிய வேண்டும். தனி ஆளுக்கு இது கூடுதல் சுமை. சி ஷார்ப்பில் வருகிறவர்களுக்கு அவலோனியா நல்ல வழி; மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் மாவி லினக்ஸை ஆதரிப்பதில்லை, விண்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்பும் விண்டோஸுக்கு மட்டுமே. ஜாவா உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும் என்பதால் அதையும் யோசிக்கலாம். அதன் ஸ்விங் டூல்கிட் 1998-இலிருந்து இருக்கிறது, ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் இன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன; பத்து வருடம் கழித்தும் ஓடும் என்பதில் ஜாவாவுக்கு இணை குறைவு. ஜாவாஎஃப்எக்ஸ் ஜேடிகே 11-இல் தனியே பிரிந்துவிட்டது, அதைக் கூடச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஃப்ளட்டர் 2022-இல்தான் மூன்று மேசைக்கணினி இயங்குதளங்களிலும் நிலைபெற்றது. அதே நிரல் போனிலும் வேண்டும் என்றால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் வேண்டாம். ரஸ்டின் சொந்தத் திரைக் கருவிகள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன, கடைக்கு வைப்பதற்கு இன்னும் காத்திருக்கலாம்.

பைத்தானில் க்யூடிக்கு மாற்று என்றால் டபிள்யூஎக்ஸ்பைத்தான். அதன் அடியில் இருக்கும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது. இயங்குதளத்தின் சொந்தப் பெட்டிகளையே காட்டும், ஃபைல்ஜில்லாவும் கிகேடும் அதில்தான் இருக்கின்றன. உரிமமும் தளர்வானது. லினக்ஸில் நிறுவுவதுதான் கொஞ்சம் சிரமம், விநியோகத்துக்கு ஏற்ற பொதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜிடிகே லினக்ஸில் மிக நன்று. விண்டோஸ், மேக் முதன்மையான இடத்தில் அதை நான் எடுக்கமாட்டேன். வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் மென்பொருள் 2015-இல் வந்த 2.0 பதிப்பில் ஜிடிகேவிலிருந்து க்யூடிக்கு மாறியது. லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய சப்சர்ஃபேஸ் மென்பொருளும் அதே பாதையில் போனது.

க்யூடி கைமாறிக்கொண்டே இருக்கும் பொருள், அதை நம்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நார்வேயின் டிரோல்டெக் 1995-இல் வெளியிட்டது. 2008-இல் நோக்கியாவுக்கும், 2012-இல் டிஜியாவுக்கும் போனது. இன்று க்யூடி கம்பெனி என்ற தனி நிறுவனத்திடம் இருக்கிறது. இவ்வளவு மாற்றத்திலும் திறமூலப் பதிப்பு நிற்காததற்கு ஒரு காரணம், கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் சமூகத்தோடு 1998-இல் செய்துகொண்ட ஒப்பந்தம். நிறுவனம் திறமூலப் பதிப்பை வெளியிடுவதை நிறுத்திவிட்டால், க்யூடியைத் தளர்வான பிஎஸ்டி வகை உரிமத்தில் வெளியிடும் உரிமை அதற்காக அமைத்த அறக்கட்டளைக்கு வந்துவிடும்.

உரிமத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காசு வாங்கிக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதால் தெரிந்திருக்க வேண்டும். பைக்யூடி, பைசைட் இரண்டும் ஒரே க்யூடிக்கான இரண்டு பைத்தான் வாசல்கள். பைக்யூடி ஜிபிஎல் உரிமத்தில் அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமத்தில் வருகிறது. ஜிபிஎல் வழியில் போனால் விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். பைசைட்6 க்யூடி நிறுவனமே வெளியிடுவது, எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. உங்கள் நிரலை மூடியே விற்கலாம். க்யூடியைப் பயன்படுத்துவதைச் சொல்ல வேண்டும், உரிம நகலைச் சேர்க்க வேண்டும், வாங்கியவர் க்யூடியின் ஃபைல்களை மாற்றிப் போட்டுக்கொள்ள முடிகிற வகையில் வைக்க வேண்டும். க்யூடியின் சில பகுதிகள் எல்ஜிபிஎல்லில் இல்லை, ஜிபிஎல்லில் மட்டுமே. க்யூடி சார்ட்ஸ் அப்படிப்பட்டது. விற்பனை வரைபடம் போட ஆசைப்படும்போது அதை அறியாமல் சேர்த்துவிடாதீர்கள். இது ஒரு நிரலாளரின் புரிதல். பெரிய அளவில் விற்கப்போனால் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இன்ஸ்டாலர் கட்டுவதற்கு பைஇன்ஸ்டாலர் போதும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸியாக்கும் வசதியைத் தவிருங்கள். அது ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் பிரித்துக்கொண்டு ஓடுவதால் தொடங்கத் தாமதமாகும், ஆன்டிவைரஸும் அதைத்தான் அதிகம் சந்தேகிக்கும். ஃபோல்டராகக் கட்டி, விண்டோஸில் இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் கருவியில் சுற்றிக் கொடுங்கள். மேலே சொன்ன எல்ஜிபிஎல் நிபந்தனைக்கும் அது பொருந்தும். ஓர் இயங்குதளத்தில் இருந்துகொண்டு இன்னொன்றுக்குக் கட்ட பைஇன்ஸ்டாலரால் முடியாது. உங்கள் உபுண்டுவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் வராது, விண்டோஸ் கணினி ஒன்றோ இணையத்திலேயே கட்டித்தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற வசதியோ வேண்டும். லினக்ஸுக்குக் கட்டும்போது நீங்கள் ஆதரிக்கப்போகும் மிகப் பழைய உபுண்டுவில் வைத்துக் கட்டுங்கள். புதியதில் கட்டியது பழையதில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) பதிப்பு போதாமல் திறக்காது, பழையதில் கட்டியது புதியதில் பொதுவாக ஓடும். மேக்தான் செலவு. ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர், அதோடு நோட்டரைசேஷன் என்ற ஆப்பிளின் சரிபார்ப்பு. அது இல்லாமல் கொடுத்தால் மேக் திறக்க மறுக்கும். 2024-இல் வந்த சிக்கோயா என்ற மேக் பதிப்பிலிருந்து கன்ட்ரோல் கிளிக் செய்து திறக்கும் சுலப வழியும் போய்விட்டது, செட்டிங்ஸுக்குள் போய் அனுமதிக்க வேண்டும். ஒரே ஒரு மேக் கடைக்காரருக்காக அந்தச் செலவை இப்போதே செய்ய வேண்டியதில்லை. நேரில் போய் அனுமதித்துக் கொடுத்துவிடலாம்.

எஸ்கியூலைட்டில் ஓர் எச்சரிக்கை. கடையில் இரண்டு கவுண்டர் வந்தால் அந்தத் தரவு ஃபைலை நெட்வொர்க் ஷேரில் வைத்து இரண்டு கணினியிலும் திறக்காதீர்கள். நெட்வொர்க் வழியான பூட்டை நம்ப முடியாது என்று எஸ்கியூலைட்டின் சொந்த ஆவணமே சொல்கிறது. அந்த நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளச் சர்வருக்கு மாறுங்கள். நிரல் திறந்திருக்கும்போது ஃபைலை நகலெடுத்து பேக்கப் என்று வைப்பதும் ஆபத்து, அதற்கென்று இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

இவற்றில் எது உறுதி, எது என் கணிப்பு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஷேப்பிங், வரிசை, அச்சு, பதிப்பு ஆதரவு பற்றிச் சொன்னவை நீங்களே சோதித்துப் பார்க்கக்கூடியவை, அவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. ரஸ்ட் கருவிகளுக்குக் காத்திருக்கலாம், லாசரஸ் நல்லது, எலக்ட்ரான் உங்களுக்குச் சுமை என்பவை என் வேலை அனுபவத்திலிருந்து வரும் தீர்ப்புகள். வேறு வகை வேலை செய்தவர் வேறு மாதிரி சொல்வார், அவரும் சரியாக இருக்கலாம். க்யூடி இன்னும் பத்து ஆண்டு இதே உரிமத்தில் இருக்கும் என்பது நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை. என் வேலை முழுக்க படிவம், அட்டவணை, அச்சு சார்ந்தது. வீடியோ எடிட்டிங், முப்பரிமாணம் போன்றவற்றுக்கு இந்தப் பதிலை எடுத்துச் செல்லாதீர்கள்.

முழு மென்பொருளைத் தொடங்குமுன் ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். ஒரே ஜன்னல்: மேலே பெயர் தேடும் பெட்டி, கீழே அட்டவணை, ஒரு அச்சு பொத்தான். அதிமதுரம், கடுக்காய், கொத்தமல்லி, வெட்டிவேர், நெல்லி வற்றல், ஜாதிக்காய், ஓமம், சௌசௌ, ஸ்ரீ என்று தொடங்கும் ஏதாவது ஒரு கம்பெனிப் பெயர் எல்லாவற்றையும் உள்ளிடுங்கள். தமிழ்99-இல் அடித்துத் தேடுங்கள், பேக்ஸ்பேஸ் தட்டினால் எழுத்து எப்படி அழிகிறது என்று பாருங்கள், ஸ்கேனரால் ஒரு பார்கோடு படியுங்கள், தெர்மல் பிரிண்டரில் பத்து வரி பில் ஒன்று அடியுங்கள். அதை இன்ஸ்டாலராகக் கட்டி, பைத்தானே இல்லாத கடைக் கணினி ஒன்றில் நிறுவி, அங்கேயும் இதையெல்லாம் செய்து பாருங்கள். மாமாவின் கணினியில் பைசைட்2 கட்டுமானம் ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எங்காவது நின்றால் எந்த பிரிண்டர், எந்த விண்டோஸ், திரையில் வந்த பிழைச் செய்தி என்ன என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.